மடித்து வைத்த பக்கத்தைப் பிரித்துப் படித்தவர்களுக்கு

எங்கள் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நோட்டை எடுத்து, அதில் மடித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைப் பிரித்து, பதினாறு பேர் முன்னால் சத்தமாகப் படித்தீர்கள். படித்து முடித்த கையோடு மூன்று தீர்மானமும் போட்டீர்கள். ஓவியப் பாடவேளைகளை என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுப்பது. மாதம் ஒரு நாள் நடந்துவந்த வானம் பார்க்கும் நிகழ்ச்சியை நிறுத்துவது. பிள்ளைகளின் ‘ராத்திரி நோட்டு’களை வாங்கி பீரோவில் வைத்து, இனிமேல் வகுப்பாசிரியர் படித்துப் பார்த்த பிறகே தருவது.

நான் அன்று பள்ளியில் இல்லை. பகுதிநேர ஆசிரியைக்கு வாரத்தில் மூன்று அரைநாள்தான் வேலை, வெள்ளிக்கிழமை என் நாள் கிடையாது. திங்கட்கிழமை வந்து தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கும் முன்பே, பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்பவர் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தில் வேறு இரண்டு பேரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இருவரிடமும் கேட்டு, சரி என்று அவர்கள் சொன்ன பிறகே எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். நீங்கள் ஊரறியப் படித்தீர்கள், நானும் ஊரறியவே எழுதுகிறேன். அந்தப் பிள்ளை இன்றோடு மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

இந்த நோட்டும் வானமும் எப்படி வந்தன என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருடம் நான் பாடம் நடத்திய லட்சணத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. “பிடிச்ச படம் வரைங்க” என்பேன். வகுப்பே ஒரே படத்தை வரையும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர், மலையிலிருந்து வளைந்து வரும் ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே நாலு காக்கா. நீங்களும் அதைத்தான் வரைந்திருப்பீர்கள், நானும் அதைத்தான் வரைந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஜவ்வாது மலை நிற்கிறது. ஒரு பிள்ளைகூட அதைப் பார்த்து வரைந்ததில்லை. ஒரு வருடம், முந்தின வாரம்தான் வீட்டுக் கூரை எரிந்துபோன பையன் அதே மலை, அதே சூரியன், அதே குடிசையை வரைந்துகொண்டு வந்து நீட்டினான். குடிசை மேல் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பத்துக்கு ஒன்பது போட்டு அனுப்பினேன். அந்த ஒன்பது மார்க்கை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள், யோசித்துத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், மஞ்சள் கிரேயான் தீர்ந்துபோயிருந்தது. “சூரியனே வேணாம். ராத்திரி உங்க வீட்டுக்கிட்ட எப்படி இருக்கும், அதை வரைங்க” என்று சொல்லிக் கறுப்புச் சார்ட்டையும் வெள்ளைச் சாக்பீசையும் கொடுத்தேன். அன்றைக்குத்தான் ஒருத்தர் படம் மாதிரி இன்னொருத்தர் படம் இல்லை. பீடி சுற்றும் முறத்துக்கு மேல் தொங்கும் ஒற்றை பல்பு. திண்ணையில் கவிழ்ந்து படுத்திருக்கும் ஒரு ஆள், தள்ளி ஒரே ஒரு செருப்பு. ஒரு படத்தில் சார்ட் முழுக்கக் கறுப்பாகவே விட்டிருந்தது, ஓரத்தில் மட்டும் இரண்டு சின்ன வட்டம். என்னவென்று கேட்டேன். “கம்பெனி வேன் லைட்டு மிஸ். அம்மா வர்றாங்க.” ராத்திரியை இப்படித்தான் வரைய வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு மாதிரிப் படம் போட்டுக் கொடுத்ததில்லை. அதனால் பார்த்ததை வரைந்தார்கள்.

படத்துக்கு அடியில் ஒன்றிரண்டு வரி எழுத ஆரம்பித்தது பிள்ளைகள்தான், நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் கோடு போடாத நாற்பது பக்க நோட்டு, அதுதான் ‘ராத்திரி நோட்டு’. அதற்கு ஒரே ஒரு விதி. பக்கத்தை மடித்து வைத்தால் நானும் படிக்க மாட்டேன். விரித்து வைத்தால் படித்துவிட்டு ஒரு வரி பதில் எழுதுவேன். மார்க் கிடையாது, எழுத்துப் பிழை திருத்துவது கிடையாது. முதல் பக்கத்தில் மட்டும் எல்லாரையும் ஒன்றை எழுத வைத்திருக்கிறேன்: “யாராவது அடித்தால், தொடக் கூடாத இடத்தில் தொட்டால், அதை மடித்து வைக்க மாட்டேன். மிஸ்ஸிடம் வாயால் சொல்வேன். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லலாம்.” அப்படி இரண்டு முறை பிள்ளைகள் வந்து சொல்லியிருக்கிறார்கள், இரண்டு முறையும் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போயிருக்கிறேன். அவருக்கு இது தெரியும். எதையும் மூடி மறைக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

2019 ஜனவரியில்தான் வானம் பார்க்க ஆரம்பித்தோம். ராத்திரியை வரைய ராத்திரியைப் பார்க்க வேண்டும் இல்லையா, அவ்வளவுதான் காரணம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அமாவாசையை ஒட்டி மாதம் ஒரு நாள், ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. பள்ளி மைதானத்தில் நெல் காயவைக்கும் தார்ப்பாய் இரண்டு. சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் மூன்று. தொலைநோக்கி எதுவும் எங்களிடம் இல்லை, இதுவரைக்கும் தேவைப்பட்டதும் இல்லை.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, “என்னம்மா, ஏன் ஒரு மாதிரி இருக்கே, சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். “ஒண்ணுமில்ல மிஸ்” என்று தலையைக் குனிந்துகொள்ளும். பெரியவர்களும் அப்படித்தானே. தார்ப்பாயில் மல்லாந்து படுத்தால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் மேலே இருக்கும். “மிஸ், அந்தச் செவப்பா இருக்கறது எது?” “திருவாதிரை.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அதே குரலில், “எங்கப்பா ஆந்திராவுக்குப் போயி எட்டு மாசம் ஆகுது மிஸ்.” இதற்கு ‘ம்’ என்றால் போதும். சமாதானம் சொன்னால் பேச்சு நின்றுவிடும், இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. மறுநாள் அது நோட்டில் வரும், இல்லையென்றால் படத்தில் வரும். ஓவியம் தனி, நோட்டு தனி, வானம் தனி என்று நினைத்து மூன்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அது மூன்றும் ஒரே பேச்சு.

அந்தத் திருவாதிரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 கடைசியில் அது மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அது கக்கிய வாயு குளிர்ந்து, தூசி மேகமாகி அதையே மறைத்துவிட்டது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: “அதுக்கு ஒடம்பு சரியில்லையா மிஸ்?” அந்த வாரம் அவள் ஆயாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. நோட்டில் தினமும் ஒரு வரி மட்டும் எழுதினாள். “இன்னிக்கும் மங்கலாத்தான் கீது.” அதையே எட்டு நாள் எழுதினாள். ஒன்பதாம் நாள், “இன்னிக்கும் மங்கலாத்தான் கீது. ஆயாவும்.” அந்தப் பக்கம் விரித்துத்தான் இருந்தது. மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். திருவாதிரை ஏப்ரலில் பழைய வெளிச்சத்துக்கு வந்தது. ஆயா வரவில்லை. ஊரடங்கில் என் வீட்டு வாசலில் முகக்கவசத்தோடு வந்து நின்று, “அது மட்டும் திரும்பி வந்துடுச்சு மிஸ்” என்று சொல்லிவிட்டு அழுதாள். அத்தனை மாதத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நோட்டை இன்னும் வைத்திருக்கிறாளாம்.

பிள்ளைகளுக்கு மனசில் இருப்பதைச் சொல்ல வார்த்தை இல்லை என்பதும் ஒரு தொல்லை. கோபம், சந்தோஷம், சோகம், இல்லையென்றால் ‘ஒரு மாதிரி இருக்குது’. அதனால் தொல்காப்பியத்தில் இருந்த எட்டையும் எடுத்துச் சுவரில் எழுதிவைத்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உளவியல் படித்த யாரோ சொல்லிக் கொடுத்தது இல்லை, நம் வீட்டுப் பரணில் கிடந்த பாத்திரம். ஒவ்வொன்றும் நான்கு காரணத்தால் வரும் என்கிறது அந்த நூல். அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அடுத்தவர் நம்மைக் கேவலப்படுத்தியது, ஒருவரை இழந்தது, இருந்த நிலையிலிருந்து இறங்கியது, இல்லாமை. பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். “ஏன்டா அழுதே?” என்று கேட்டால் “அசைவு மிஸ்” என்று சொல்கிற பையன் என்னிடம் இருக்கிறான். வெள்ளிக்கிழமை நீங்கள் படித்த பக்கத்தின் சொந்தக்காரப் பிள்ளை வீட்டுக்குப் போய் அழுததே, அது எந்த வகை என்று சுவரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். முதல் வகை. அதைக் கொடுத்தது நாம்.

‘வீட்டு விஷயம் வெளியே போகிறது’ என்பது உங்கள் முதல் குற்றச்சாட்டு. மடித்து வைத்திருந்த வரைக்கும் அது எங்கும் போகவில்லை. ஐஸ்காரர் வரைக்கும் போனது உங்கள் கூட்டத்திலிருந்து.

இரண்டாவது, இருட்டு, பாம்பு, பெண் பிள்ளைகள். இது நியாயமான பயம். இதை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையையும் தனியாக வரவழைக்கவில்லை, தனியாக அனுப்பவில்லை. வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தால்தான் அனுமதி. அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு அம்மா. காலையில் பிள்ளை எழுந்திருக்கும் முன்னால் வேன் வந்துவிடும், திரும்ப இறங்கும்போது மணி ஏழரை ஆகும். ஒரு பிப்ரவரியில் வீட்டுக்குப் போகாமல் பள்ளி வாசலிலேயே இறங்கி, டிபன் பையோடு வந்து மகன் பக்கத்தில் படுத்தார். கையில் பசை வாசனை போகவில்லை. மகன் வானத்தைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கார்த்திகை, அதுக்குப் பக்கத்துல ரோகிணி. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “என் நட்சத்திரம் ரோகிணி. இதுவாடா அது?” முப்பத்து நான்கு வருடமாகக் கோயில் அர்ச்சனையில் சொல்லிவந்த பெயர், கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த பெயர், அது மேலே ஒரு இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார். அதிலிருந்து வெளிச்சம் இங்கே வந்து சேர 65 வருடம் ஆகும் என்றேன். “அப்போ எங்கம்மா சின்னப் புள்ளையா இருந்திருப்பாங்க” என்றார். அவர் அம்மாவைப் பற்றி மகனிடம் பேசியதே அதுதான் முதல் தடவையாம். அன்றைக்கு எட்டரைக்கு முடிக்க முடியவில்லை. ஒன்பதாகிவிட்டது, அது என் தப்புதான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்யாணத்தில் பட்டப்பகலில் மணப்பெண்ணை வெளியே கூட்டிவந்து அருந்ததி பார்க்கச் சொல்கிறோம், அவளும் ‘தெரியுது’ என்று தலையாட்டுகிறாள். ஏப்ரல் ராத்திரியில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலத்தின் வாலில், வசிஷ்டருக்கு ஒட்டினாற்போல் அருந்ததி நிஜமாகவே தெரியும். அதைக் காட்டத்தான் தடையா?

மூன்றாவது, என்எம்எம்எஸ். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. 5,000 ரூபாய்க்கு வேலைக்கு வந்தவளுக்கு அந்தக் காசின் அருமை தெரியாமல் இல்லை. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தத் தேர்வை எழுதுவது எட்டாம் வகுப்பு மட்டும். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓவிய வேளையை எதற்காக எடுத்தீர்கள்? தீர்மானத்தில் அதற்குக் காரணம் எழுதவே இல்லை.

உங்கள் குழு எந்தச் சட்டத்தில் பிறந்ததோ அதே சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு உங்களுக்கானது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பிள்ளையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் இவற்றிலிருந்து விடுவித்து, தன் கருத்தைத் தடையில்லாமல் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. நம் பள்ளியில் 108 பேர். நான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பாடவேளை மட்டும் கிடையாது என்றால் அது என்ன கணக்கு?

நம் ஊர் எங்கே இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டோம். இருட்டைத் தேடி வந்துதான் ஜவ்வாது மலைமேல் காவலூரில் வானாய்வகம் வைத்தார்கள். 1968-இல் முதல் தொலைநோக்கி, 1986-இல் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரியது. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள், கணக்கு முக்கியம் என்கிற உங்களுக்காக இதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பின் 34 பிள்ளைகளில் அந்த மலைக்குப் போய் வந்தவர்கள் இரண்டு பேர்.

இனி நான் கேட்பது.

முதலில் அந்தப் பிள்ளை. குழுத் தலைவரும் இன்னும் ஒரு பெண் உறுப்பினரும் மட்டும், கூட்டமாக இல்லாமல், அந்த வீட்டுக்குப் போய் ‘படித்தது தப்பு’ என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் அல்ல, பிள்ளையிடம். அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் நடக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நோட்டுகளை யாரும் படிக்காமல் திருப்பித் தர வேண்டும். வகுப்பாசிரியர் படித்துத் தருவது என்ற தீர்மானத்தை ரத்து செய்து, மடித்த பக்கத்தை ஆசிரியர் உட்பட யாரும் பிரிக்கக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்வோம், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

ஆறு, ஏழாம் வகுப்புகளின் ஓவிய வேளை முழுதாகத் திரும்ப வேண்டும். எட்டாம் வகுப்புக்கு, தேர்வு முடியும் வரை வாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை விடுங்கள். சனிக்கிழமை காலையில் பயிற்சி வைத்தால் மனத்திறன் தாளில் வரும் உருவ வரிசை, கண்ணாடிப் பிம்பம் எல்லாம் நான் வந்து சொல்லித் தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

வானம் பார்ப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடக்க வேண்டும். வேண்டிய நிபந்தனை போடுங்கள். வீட்டிலிருந்து ஒரு ஆள், குழுவிலிருந்து இரண்டு பேர், முதல்நாளே மைதானத்தில் புல் வெட்டுவது, எட்டரைக்குக் கண்டிப்பாக முடிப்பது, எல்லாம் சம்மதம். ஊராட்சியிடம் சொல்லி, மைதானத்துக் கம்பத்தில் போட்ட புது எல்இடி விளக்கை அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அணைத்துத் தர ஏற்பாடு செய்யுங்கள். போன வருடம் அந்த வெளிச்சத்தில் கார்த்திகைக் கூட்டத்தில் நாலு நட்சத்திரத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. காவலூரில் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எட்டாம் வகுப்பை ஒரு வேனில் கூட்டிப்போக வேண்டும். வேன் வாடகையில் பாதியை நான் தருகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை என் நாள் இல்லை என்றாலும் வருவேன்.

பீரோவில் இருக்க வேண்டிய நோட்டு 34. நான் திங்கட்கிழமை கதவுக் கண்ணாடி வழியாக எண்ணியபோது 33 இருந்தது. கூட்டத்தில் படித்தது இன்னும் உங்களில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. முதலில் அதை, மடித்தது மடித்தபடி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியை